வெயிலைக் குளிராக மாற்றும் வழி: ஒயின் ஆலைகளிடமிருந்து கூட்டேரிப்பட்டு கற்றுக்கொள்ளக்கூடியது

சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே இருக்கிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் வட்டாரத்து நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும் இந்தச் சாலை வழியாகத்தான் சந்தைக்குப் போகின்றன. மாசி தொடங்கிவிட்டால் தர்ப்பூசணி லாரிகள் வரிசை கட்டும். திராட்சைத் தோட்டமோ ஒயின் ஆலையோ இங்கே கிடையாது. ஆனாலும் சூரிய மின்சாரத்தில் ஒயின் ஆலை நடத்துபவர்கள் கண்டறிந்த ஒரு பாடம், திராட்சை விளையும் ஊர்களைவிட இதுபோன்ற ஊர்களுக்கே அதிகம் பயன்படும். விளைந்த பொருள் கெடாமல் இருக்கக் குளிர் வேண்டும். அந்தக் குளிரை வெயிலிலிருந்தே உண்டாக்கலாம், உண்டாக்கியதைச் சேர்த்தும் வைக்கலாம் என்பதே அந்தப் பாடம்.

ஒயின் மதுவகை. அதைச் செய்வதும் விற்பதும் தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தின் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. விழுப்புரத்தில் ஒயின் ஆலை வேண்டும் என்று இந்தக் கட்டுரை கேட்கவில்லை. ஒரு தொழில் தன் மின்சாரத்தை எப்படிச் செலவிடுகிறது, அதில் சூரியன் எங்கே பொருந்துகிறது என்பதை ஆராய்ந்து, அந்த அறிவை நம் விளைபொருளுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதே நோக்கம்.

ஆலையின் மின்சாரம் எங்கே போகிறது?

திராட்சைச் சாறு ஒயினாக மாறுவது ஈஸ்ட் செய்யும் வேலை. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. கூடவே வெப்பமும் வெளியாகிறது. நன்கு பழுத்த திராட்சையின் ஒரு லிட்டர் சாற்றில் 220 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். அது முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 120 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். அந்த வெப்பத்தை வெளியே எடுக்காமல் விட்டால் சாற்றின் வெப்பநிலை சுமார் 30 டிகிரி உயர்ந்துவிடும். 25 டிகிரியில் தொடங்கிய தொட்டி 55 டிகிரியை நோக்கி ஏறப்பார்க்கும். அதற்கு வெகு முன்பே, 40 டிகிரியை நெருங்கும்போதே ஈஸ்ட் செத்துவிடும். நொதித்தல் பாதியில் நின்று, தொட்டியில் உள்ளது மொத்தமும் கெட்டுப்போகும்.

வெள்ளை ஒயினை 12 முதல் 18 டிகிரிக்குள் வைத்து நொதிக்கவிடுகிறார்கள். சிவப்பு ஒயினுக்கு 22 முதல் 30 டிகிரி வரை ஏற்றது. நொதித்தல் முடிந்த பிறகும் வேலை ஓய்வதில்லை. புட்டியின் அடியில் உப்புப் படிகம் தங்காமலிருக்க, வெள்ளை ஒயினைச் சில நாட்கள் மைனஸ் 4 டிகிரி வரை குளிரவைப்பார்கள். பிறகு முதிரும் காலம் முழுதும் கிடங்கு குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். பிழியும் எந்திரம், பம்பு, புட்டியில் அடைக்கும் வரிசை, விளக்கு எல்லாவற்றுக்கும் மின்சாரம் தேவைதான். ஆயினும் பெரும்பாலான ஒயின் ஆலைகளில் மின்சாரத்தின் மிகப் பெரிய பங்கைக் குளிர்பதனமே எடுத்துக்கொள்கிறது. வெப்ப நாடுகளில் அது பாதிக்கும் மேல் போகும்.

ஒரு சிறு கணக்கு. பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று நொதித்து முடிக்கும்போது வெளியாகும் வெப்பம் ஏறத்தாழ 340 யூனிட்டுக்குச் சமம். நல்ல சில்லர் எந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆகவே அந்தத் தொட்டிக்குத் தேவைப்படும் மின்சாரம் 115 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 முதல் 5 யூனிட் தரும். 25 கிலோவாட் தகடுகள் ஒரே நாளில் தரும் மின்சாரம் அந்தத் தொட்டி முழுவதற்கும் போதும். அதற்கு 2,500 சதுர அடிக் கூரை இருந்தால் ஆயிற்று. இந்த ஒரு கணக்கிலேயே, ஒயின் ஆலைகள் சூரியனை நாடியதற்குக் காரணம் விளங்கிவிடும்.

நாசிக், நாபா, கம்பம்

இந்தியாவில் இதை வெளிப்படையாகச் செய்து காட்டியது மராட்டியத்தின் நாசிக்கில் உள்ள சூலா ஒயின் நிறுவனம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ராஜீவ் சாமந்த், ஊர் திரும்பி 1990களின் இறுதியில் தம் குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை நட்டார். 2000இல் முதல் புட்டிகள் சந்தைக்கு வந்தன. 2022 டிசம்பரில் நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆலைக் கூரைகளிலும் வளாகத்திலும் படிப்படியாகச் சூரியத் தகடுகளைப் பொருத்திய சூலா, தன் மின்தேவையில் பாதிக்கு மேல் சூரிய மின்சாரத்தால் நிறைவேறுவதாக அறிவித்துள்ளது.

நாசிக்கின் பருவமும் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும், இரவுக் குளிரும் உண்டு. தகடுகள் நன்றாக உற்பத்தி செய்யும் அதே நேரத்தில் நொதித்தல் தொட்டிகளும் குளிரைக் கேட்கின்றன.

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. அங்கே அறுவடை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் ஆலை மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். மற்ற மாதங்களில் தேவை மிகவும் குறைவு. தகடுகளோ ஆண்டு முழுதும் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். மிஞ்சும் மின்சாரத்தை மின்விநியோக நிறுவனத்துக்குக் கொடுத்து, வேண்டும்போது திரும்பப் பெறும் ஏற்பாடு இருந்ததால்தான் அங்கே சூரிய ஒயின் ஆலைகள் பெருகின. நாபாவின் ஃபார் நியென்ட்டே ஆலை 2008இல் இன்னொரு வழியைக் காட்டியது. விலை மிகுந்த திராட்சை நிலத்தை இழக்க மனமின்றி, பாசனக் குளத்தின்மேல் மிதவைகள் கட்டி 994 தகடுகளை மிதக்கவிட்டார்கள். நீரின் குளிர்ச்சி தகடுகளின் சூட்டைத் தணித்தது. குளத்து நீர் ஆவியாவதும் குறைந்தது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி ஸ்பிக் வளாகத்து நீர்த்தேக்கத்தின்மீது 22 மெகாவாட் மிதவைச் சூரிய மின்நிலையம் 2022இல் இயங்கத் தொடங்கியது. பரப்பளவில் எத்தனையோ மடங்கு பெரிதானாலும் அதன் தத்துவம் நாபாவின் குளத்தில் பார்த்ததுதான்.

தமிழ்நாட்டின் திராட்சை நிலம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இந்த ரகத்தை உண்ணவும் செய்யலாம், சாறு பிழியவும் செய்யலாம், ஒயினும் ஆக்கலாம். கம்பத்தின் தனிச்சிறப்பு, கவாத்து செய்யும் மாதத்தை மாற்றிக்கொண்டே போய் ஆண்டு முழுவதும் பழம் பறிக்கிறார்கள் என்பது. சூரிய மின்சாரத்தின் கண்ணோட்டத்தில் இது பெரும் பேறு. நாபாவின் ஆலை ஆண்டில் மூன்று மாதம் உழைத்துவிட்டு ஓய்கிறது. கம்பத்தில் சாறு ஆலையோ ஒயின் ஆலையோ அமைந்தால், அதற்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாகக் குளிர் தேவைப்படும். தகடு தரும் மின்சாரத்தை விற்கவோ வீணாக்கவோ நேராமல் ஆலையே பயன்படுத்திக்கொள்ளும்.

மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிகிறது. சூரிய மின்சாரம் ஒரு தொழிலுக்குப் பொருந்துமா என்பது வெயிலின் அளவை மட்டும் சார்ந்ததன்று. தேவை எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எழுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

சூரியன் மறைந்த பிறகு

ஈஸ்ட் இரவிலும் உழைக்கிறது. தகடு இரவில் உறங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்ப பாட்டரி என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் குளிர் தேவைப்படும் தொழிலில் பாட்டரியைவிட மலிவான பொருள் ஒன்று உண்டு: தண்ணீர்.

ஒரு டன் தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது அதற்குள் 93 யூனிட்டுக்குச் சமமான குளிர் அடங்கிவிடுகிறது. உருகும்போது அவ்வளவையும் திருப்பித் தரும். மேலே சொன்ன பத்தாயிரம் லிட்டர் தொட்டியின் நொதித்தல் வெப்பம் முழுவதையும் நான்கு டன்னுக்கும் குறைவான பனிக்கட்டி உள்வாங்கிக்கொள்ளும். பகலில் வெயில் இருக்கும்போது சில்லரை முழு வேகத்தில் ஓட்டி ஐஸ் ஆக்கி வைத்துக்கொள்ளலாம். இரவில் ஒரு சிறு பம்பை மட்டும் இயக்கி, அந்தக் குளிரைத் தொட்டியைச் சுற்றிய குழாய்களில் ஓடவிடலாம். பாட்டரி சில ஆயிரம் முறை ஏற்றி இறக்கியதும் வலுவிழக்கும். தண்ணீர் எத்தனை முறை உறைந்தாலும் உருகினாலும் தண்ணீராகவே இருக்கும்.

ஒயின் ஆலைகளில் வேறொரு வசதியும் இருக்கிறது. தொட்டியில் நிறைந்துள்ள ஒயினே ஒரு குளிர்ச் சேமிப்புதான். நல்ல காப்புறை போர்த்திய தொட்டியை நண்பகலில் தேவைக்கு மேல் இரண்டு டிகிரி குளிரவைத்தால், இரவு முழுதும் அது மெல்லச் சூடேறினாலும் எல்லையைத் தாண்டாது. பிழிவதையும் வடிகட்டுவதையும் மைனஸ் 4 டிகிரிக்கு இறக்குவதையும் பகல் வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் முந்தியது, செலவே இல்லாத ஒரு வழி: பழத்தை விடியலுக்கு முன் பறிப்பது. பத்து டன் பழம் பத்து டிகிரி குறைவாக ஆலைக்கு வந்து சேர்ந்தால், முப்பதுக்கும் மேற்பட்ட யூனிட் மின்சாரம் அங்கேயே மிச்சம்.

கட்டணத்தில் தெரியும் லாபம்

தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்குக் காலை 6 முதல் 10 மணி வரையும் மாலை 6 முதல் 10 மணி வரையும் உச்ச நேரம். அந்நேரத்து மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். மாலை உச்ச நேரத்தில் தகடுகள் எதுவும் தருவதில்லை. ஐஸ் சேமிப்பு உள்ள ஆலை அந்த நான்கு மணி நேரமும் சில்லரை நிறுத்திவிடலாம். வெயில் தந்த மின்சாரத்தின் லாபம் ஒருபுறம், உச்ச நேரக் கட்டணம் தவிர்ந்த லாபம் மறுபுறம் எனப் பலன் இரட்டிப்பாகும்.

முதலீட்டைப் பார்ப்போம். கூரைத் தகடு அமைக்க ஒரு கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய், அது ஆண்டுக்குத் தருவது 1,500 யூனிட், மின்வாரியத்திடம் வாங்கும் யூனிட்டின் விலை 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஆலையே பயன்படுத்தினால் ஆண்டுக்கு 10,500 ரூபாய் மிச்சமாகும். ஐந்தாண்டுக்குள் முதல் திரும்பிவிடும். பாதியை மட்டும் பயன்படுத்தி, மீதியை யூனிட் 3 ரூபாய்க்கு வெளியே விட்டால் மிச்சம் 7,500 ரூபாயாகக் குறையும். முதல் திரும்ப ஏறத்தாழ ஏழாண்டு ஆகும். தகட்டின் விலை எவ்வளவு முக்கியமோ, விளைந்த மின்சாரத்தைச் சொந்த உபயோகத்துக்குத் திருப்பும் திறமையும் அவ்வளவு முக்கியம். ஐஸ் தொட்டி அந்தத் திறமையைத் தருகிறது.

விழுப்புரம் மண்ணிலேயே ஒரு சான்று

வெயிலைப் பயன்படுத்துவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. மரக்காணத்து உப்பளங்கள் தலைமுறை தலைமுறையாகச் சூரியனை நம்பியே நடக்கின்றன. வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடம் 1997இல் கட்டப்பட்டது. அதன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் ஒன்று வானைப் பார்த்தபடி அசையாமல் இருக்கிறது. அதன் உட்புறம் முழுதும் சிறு கண்ணாடித் துண்டுகள். சூரியன் நகர நகர, வெப்பத்தை வாங்கும் உருளை மட்டும் குவியத்தைத் தேடி நகர்கிறது. அந்த வெப்பம் நீராவியாகி, ஏறத்தாழ ஆயிரம் பேருக்கான மதிய உணவைச் சமைக்க உதவுகிறது. மேகமூட்டமான நாட்களுக்கு டீசல் கொதிகலன் துணைக்கு இருக்கிறது.

இந்தக் கூடத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தேவை மதியச் சமையல், வெயில் கிடைப்பதும் மதியத்துக்கு முன்பாக. நேரம் இயல்பாகவே பொருந்துகிறது. மேலும், சூரியனை மட்டுமே நம்பி உலையை வைக்காமல் மாற்று ஏற்பாட்டையும் முதலிலேயே சேர்த்துத் திட்டமிட்டார்கள். இந்த இரண்டும் எந்தச் சூரியத் திட்டத்துக்கும் அடிப்படை.

கூட்டேரிப்பட்டின் தேவை

மயிலம், திண்டிவனம், மரக்காணம் வட்டாரங்களில் தர்ப்பூசணி அறுவடை கோடையோடு சேர்ந்து வருகிறது. ஒரே சமயத்தில் எல்லோரும் அறுக்கும்போது விலை சரிகிறது. வயலில் இருக்கும் பழம் 35 டிகிரிச் சூட்டோடு லாரியில் ஏறுகிறது. தர்ப்பூசணியை 10 முதல் 15 டிகிரிக்குள் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் குளிரே அதைக் கெடுத்துவிடும். ஒரு டன் பழத்தை 35இலிருந்து 12 டிகிரிக்கு இறக்க எட்டு அல்லது ஒன்பது யூனிட் மின்சாரம் போதும். பத்து டன் லாரிச் சுமைக்கு 85 யூனிட். இருபது கிலோவாட் கூரைத் தகட்டின் ஒரு நாள் உற்பத்தி அது. தர்ப்பூசணி வரும் மாதங்களில்தான் இங்கே வெயிலும் கொளுத்துகிறது. நாசிக்கின் ஒயின் ஆலைக்கு வாய்த்த அதே பொருத்தம் இங்கேயும் இருக்கிறது.

பாலுக்கு இந்தப் பொருத்தம் இல்லை. பால் காலையிலும் மாலையிலும் கறக்கப்படுகிறது. இரண்டு வேளையிலும் வெயில் குறைவு. ஆயிரம் லிட்டர் பாலை 35இலிருந்து 4 டிகிரிக்கு இறக்கப் பன்னிரண்டு யூனிட் போதுமானாலும், அது சில மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். இங்கேதான் ஐஸ் சேமிப்பு கைகொடுக்கும். நண்பகலில் ஐஸ் ஆக்கி வைத்தால் மாலைப் பாலையும் மறுநாள் காலைப் பாலையும் அதைக்கொண்டே குளிர்விக்கலாம். புனேயின் ஈகோசென் நிறுவனம் செய்யும் ஈகோஃப்ராஸ்ட் என்னும் சூரியக் குளிர் அறை, பகலில் குளிரைச் சேமித்து இரவில் தரும் இந்தத் தத்துவத்தில்தான் பல மாநிலங்களின் வயலோரங்களில் இயங்குகிறது.

மல்லாட்டைக்கு வேண்டியது குளிர் அன்று, உலர்ச்சி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பெயர் பெற்றதே டி.எம்.வி. ரக மல்லாட்டைகளால். 1940இல் வெளியான டி.எம்.வி. 2 நாடெங்கும் பரவியது. ஆனால் அறுத்த காயில் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும் அபாயம் உண்டு. வேளாண் பொறியியல் துறை மானியத்தோடு வழங்கும் சூரிய கூடார உலர்த்தி இதற்குச் சரியான கருவி. அதில் மின்சாரமாக மாற்றும் நடுப்படியே இல்லாமல் வெயிலின் வெப்பம் நேராக வேலை செய்கிறது.

இவற்றை ஒன்று சேர்க்கும் வாய்ப்பும் அருகிலேயே இருக்கிறது. சிப்காட் நிறுவனம் மணப்பாறை, தேனி, திண்டிவனம் ஆகிய மூன்று இடங்களில் உணவுப் பூங்காக்களை அமைத்துள்ளது. தேனியின் திராட்சைக்கும் திண்டிவனத்தின் தர்ப்பூசணிக்கும் தேவைப்படும் பொறியியல் ஒன்றுதான்.

எதிர்கொள்ள வேண்டிய இடர்கள்

கோடை நண்பகலில் தகட்டின் சூடு 65 டிகிரியை எட்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.35 சதவீத அளவில் குறைவதால், கொளுத்தும் வெயிலில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். தகட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்றோட இடம் விட வேண்டும். நெடுஞ்சாலைப் புழுதி படியும் ஊர் என்பதால் கழுவுவதற்கு ஆளும் தண்ணீரும் வேண்டும்.

அதைவிடப் பெரிய சோதனை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு நாளில் தகடு எதுவும் தராது. சட்டகம் காற்றைத் தாங்க வேண்டும். இன்வெர்ட்டரும் சில்லரும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மின்வாரிய இணைப்போ ஜெனரேட்டரோ துணைக்கு இல்லாமல் குளிர்கிடங்கை நடத்த முடியாது. சூரியன் மட்டுமே போதும் என்று விவசாயியிடம் சொல்வது அவரை ஏமாற்றுவதாகும்.

செய்ய வேண்டியது

விவசாய பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் தந்த மாநிலம் இது. சூரிய பம்புசெட்டுக்கு மானியமும் தருகிறது. விளைவிக்கும் தண்ணீருக்குக் காட்டிய அக்கறையை, விளைந்ததைக் காக்கும் குளிருக்கும் காட்ட வேண்டும். திண்டிவனம் உணவுப் பூங்காவில் குளிர்கிடங்கு கட்டும் ஒவ்வொரு நிறுவனமும் கூரைத் தகட்டோடு ஐஸ் சேமிப்பையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும். கட்டிய பிறகு ஒட்டவைத்தால் செலவு கூடும். கூட்டேரிப்பட்டு போன்ற சாலைச் சந்திப்புகளில் இருபது, முப்பது கிலோவாட் தகட்டோடு சிறு குளிர் அறைகளை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நடத்த அரசு முதல் தந்து உதவ வேண்டும். தர்ப்பூசணி முடிந்த மாதங்களில் அதே அறை காய்கறிக்கும் பூவுக்கும் பயன்பட்டால் நாபாவின் ஆலைபோல் சும்மா கிடக்காது, கம்பத்தைப் போல் ஆண்டெல்லாம் உழைக்கும்.

தேவையான அறிவு நாசிக்கில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. வெயில் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. அறுத்த பழத்தைக் கேட்ட விலைக்கு அன்றைக்கே தள்ளிவிட வேண்டிய நெருக்கடியிலிருந்து மயிலம் வட்டார விவசாயியை மீட்க, இந்த இரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் பொறுப்பு அரசுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் இருக்கிறது. அடுத்த தர்ப்பூசணிப் பருவத்துக்குள் அவர்கள் முதல் அறையைக் கட்டித் திறக்க வேண்டும்.